பூசினாற்போன்ற உடல்வாகுள்ள ஃபேஷன் பொம்மைகளைச் சேகரிக்கும் முறை

பொம்மை சேகரிப்போரில் பெரும்பாலோர் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். முகம் பிடிக்காவிட்டாலும் உடுப்புக்காக வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் ஒடிசலான இடையை விட்டு விலகி, பருத்த தொடையும் சற்றே முன்தள்ளிய வயிறும் அகன்ற தோளும் குட்டையான காலுமாக வார்க்கப்பட்ட பொம்மைகளைத் தேடத் தொடங்கியவருக்கு இந்த இரு வழக்கங்களும் உதவா. இங்கே உடல்தான் சேகரிப்புப் பொருள். ஒரே தலை வார்ப்பு வெவ்வேறு உடல்களின் மேல் வரக்கூடும். ஒரே உடல் பல பெயர்களிலும் பல நிறங்களிலும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வெளிவரக்கூடும். ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரையும் உடுப்பின் பளபளப்பையும் ஒதுக்கிவிட்டு, கழுத்துக்குக் கீழே உள்ள வார்ப்பை அடையாளம் காணக் கற்றுக்கொள்வதே முதல் வேலை.

எந்த வார்ப்பு எப்போது வந்தது

1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பார்பியின் உயரம் 11.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். அதை ஆறால் பெருக்கினால் ஓர் உயரமான பெண்ணின் உயரம் கிடைக்கும் என்பதால் இந்த வகைப் பொம்மைகளை 1/6 அளவு என்கிறோம். மனித அளவுக்குப் பெருக்கினால் அதன் மார்பு, இடை, இடுப்புச் சுற்றளவுகள் 36-18-33 அங்குலம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இடை அவ்வளவு சிறுத்திருப்பதில் ஒரு தையற்காரியின் கணக்கும் ஒளிந்திருக்கிறது. உடலை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம்; துணியின் கனத்தை அப்படிச் சுருக்க முடியாது. பாவாடையின் இடுப்புப்பட்டி, அதனுள் மடங்கிய தையல் விளிம்பு, மேல்சட்டையின் கீழ்நுனி என அடுக்கடுக்காகத் துணி இடையில் சேரும்போது எந்தப் பொம்மையும் உடுத்த பின் பருத்தே தோன்றும். இந்தக் கணக்கு உடை தைக்கும் இடத்தில் மறுபடியும் நம் முன் வந்து நிற்கும்.

ஒல்லி உடலுக்கு மாற்று தேடும் முயற்சி மேட்டலுக்கு வெளியே முன்னதாகவே தொடங்கிவிட்டது. 1991இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கேத்தி மெரடிக் ‘ஹேப்பி டு பீ மீ’ என்ற பொம்மையைக் கொண்டுவந்தார். பெருக்கிப் பார்த்தால் அதன் அளவுகள் 36-27-38. அது சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் இந்தக் கிளையில் சேகரிப்பவருக்கு அதுவே முன்னோடி. 1999இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரோசி ஓ’டானலின் உருவில், பார்பியின் தோழி என்ற பெயரில், மேட்டலே சற்றுப் பருமனான ஒரு பொம்மையை வெளியிட்டது. 2002இல் ராபர்ட் டோனரின் நிறுவனம், பருமனான உடல்வாகுடன் புகழ்பெற்ற மாடலான எம்மியை 16 அங்குலப் பொம்மையாக வார்த்தது. இது 1/6 அளவன்று, 11.5 அங்குலப் பொம்மைகளுக்கான உடையோ செருப்போ நாற்காலியோ இதற்குப் பொருந்தா என்பதை வாங்கும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

2014இல் நிக்கோலாய் லாம் என்ற கலைஞர், 19 வயது அமெரிக்கப் பெண்களின் சராசரி அளவுகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புள்ளிவிவரங்களிலிருந்து எடுத்து, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ‘லாமிலி’யை உருவாக்கினார். இதனுடன் தனியாக விற்கப்பட்ட ஒட்டுத்தாள் தொகுப்பில் முகப்பரு, தழும்பு, தோல் விரிவுக் கோடுகள் போன்றவை இருந்தன. பொம்மை மட்டும் கிடைத்தால் பாதிதான் கிடைத்தது என்று நான் கருதுவேன். பயன்படுத்தாத ஒட்டுத்தாளோடு கிடைப்பதே முழுமையான லாமிலி.

இவற்றுக்கெல்லாம் பின்னர்தான் 2016 ஜனவரியில் மேட்டல் தன் ஃபேஷனிஸ்டாஸ் வரிசையில் கர்வி (வளைவுகளோடு பருத்தது), டால் (உயரமானது), பெட்டைட் (குட்டையானது) என மூன்று புதிய உடல்களை அறிவித்தது. பழைய உடலையும் சேர்த்து நான்கு உடல்கள், ஏழு தோல் நிறங்கள். இன்று எளிதாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பார்பியின் ஆண் தோழனான கென்னுக்கும் அகன்ற உடல், ஒல்லி உடல் என இரண்டு வார்ப்புகள் வந்தன. 2019இல் மார்பு சிறுத்து, இடையின் வளைவு குறைந்து, கைத்தசை சற்றுத் தெரியும் இன்னோர் உடல் சேர்ந்தது. 2022இல் புதுப்பிக்கப்பட்ட மான்ஸ்டர் ஹை என்ற மேட்டலின் மற்றொரு பொம்மை வரிசையில் டிராகுலாரா என்ற பாத்திரம் பூசினாற்போன்ற உடலோடு வந்தாள். 2023இல் டவுன் சின்ட்ரோம் உள்ள பார்பி, குட்டையான உருவமும் நீண்ட உடற்பகுதியுமாகத் தனி வார்ப்பில் வந்தது. மாடல் ஆஷ்லி கிரஹாமுக்காக 2016இல் ஒரே ஒரு பொம்மை செய்யப்பட்டது. தொடைகள் ஒன்றோடொன்று உரசியிருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. அது கடைக்கு வந்ததில்லை. ஆகவே யாரேனும் அதை விற்பதாகச் சொன்னால் புன்னகையோடு நகர்ந்துவிடலாம்.

எல்லையை முதலில் வரைதல்

கர்வி உடலில் வந்த பொம்மைகளை மட்டும் ஒன்றுவிடாமல் வாங்கத் தொடங்கினாலே அலமாரி நிரம்பிவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வழி, ஒவ்வொரு வார்ப்பிலும் ஒன்றே ஒன்றை முதலில் வாங்குவது. அந்த ஏழெட்டுப் பொம்மைகளையும் உடை களைந்து ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் தனக்கு எது பிடிக்கிறது என்பது ஒருவருக்கே விளங்கும். சிலர் வயிற்றின் வளைவில் ஈர்க்கப்படுவார்கள். சிலருக்கு அகன்ற கென்னின் தோள்கள் பிடித்துப்போகும். வேறு சிலர் வரலாற்றில் விழுந்து 1991க்கும் 2014க்கும் இடைப்பட்ட அரிய பொம்மைகளைத் தேடிப் போவார்கள். அதன் பிறகு ஒரே வார்ப்பின் எல்லாத் தோல் நிறங்களையும் சேர்ப்பதா, வெவ்வேறு நிறுவனங்களின் வார்ப்புகளை ஒப்பிடுவதா என்று முடிவுசெய்யலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இரண்டாம் கையாக விற்பவர்கள் எந்தப் பொம்மை சற்றுப் பருமனாகத் தெரிந்தாலும் ‘கர்வி’ என்றே எழுதிவிடுகிறார்கள். அடுக்குப் பாவாடையும் தளர்ந்த மேலங்கியும் அணிந்த ஒல்லிப் பொம்மையைப் படத்தில் பார்த்துப் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினம். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்து, பொதியைப் பிரித்து கம்பளி மேலங்கியைக் கழற்றிய பின் உள்ளே பழைய கொடியிடைக்காரியைக் கண்டு வாயடைத்துப் போயிருக்கிறேன். ஆகவே உடையில்லாமல் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என மூன்று படங்களைக் கேட்பது வழக்கமாக வேண்டும். பக்கவாட்டுப் படம்தான் மிக முக்கியம். வயிறு, பின்புறம், தொடை ஆகியவற்றின் கனம் அதில்தான் வெளிப்படும். உயரம் குறித்து ஐயம் இருந்தால் தெரிந்த ஒரு பொம்மையை அருகில் நிறுத்தி எடுக்கச் சொல்லலாம். உடையைக் கழற்ற முடியாதென்றால் முழங்காலுக்குக் கீழே பார்க்க வேண்டும்: கர்வி உடலின் கெண்டைக்காலும் கணுக்காலும் பழைய உடலைவிடத் தெளிவாகவே தடித்திருக்கும், பாதம் தட்டையாக இருக்கும்.

முதுகில் பொறித்திருக்கும் ஆண்டைக் கண்டு பலர் தடுமாறுகிறார்கள். அது அந்த வார்ப்பு பதிவுசெய்யப்பட்ட ஆண்டே தவிர, பொம்மை தயாரான ஆண்டு அன்று. 1966 என்று பொறித்த உடல்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரிக்கப்பட்டதால், தொண்ணூறுகளில் வந்த பொம்மையை அறுபதுகளின் பொம்மை என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். தலையின் பின்புறத்தில், கூந்தலுக்குக் கீழே உள்ள ஆண்டு தலை வார்ப்புக்கு உரியது. அது உடலின் ஆண்டோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. பெட்டி கையில் இருந்தால் அதில் உள்ள தயாரிப்பு எண்ணே நம்பகமானது. அண்மைக்கால மேட்டல் பெட்டிகளில் அது மூன்று ஆங்கில எழுத்துகளும் இரண்டு எண்களுமாக இருக்கும்.

தலை மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கழுத்துக்கும் மார்புக்கும் இடையே தோலின் நிறம் சற்றே வேறுபட்டால், தலை ஒருபுறம் சாய்ந்தே நின்றால், கழுத்தின் விளிம்பில் கீறலோ வெள்ளைக் கோடோ இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மாற்றுவதில் தவறொன்றும் இல்லை; சொல்லாமல் விற்பதுதான் தவறு.

பெட்டியைப் பிரிப்பதா, அப்படியே வைப்பதா என்ற பழைய வழக்கில் என் தீர்ப்பு இந்தக் கிளையைப் பொறுத்தவரை ஒருபக்கச் சார்பானது: பிரித்துவிடுங்கள். உடலைச் சேகரிக்கிறோம் என்று சொல்லிவிட்டு அதைச் சட்டைக்கும் அட்டைக்கும் பின்னால் பூட்டி வைப்பதில் பயன் இல்லை. பிரிக்கும்போது தலையின் பின்புறத்தில் குத்தியிருக்கும் பிளாஸ்டிக் ஊக்கை இழுக்கக் கூடாது. தோலோடு ஒட்ட நறுக்கி, உள்முனையைத் தலைக்குள்ளேயே விழ விட வேண்டும். பெட்டியின் பின் அட்டையை மட்டும் எடுத்துவைத்தால் தயாரிப்பு எண் தொலையாது.

மூட்டுகளும் உடல் மாற்றமும்

ஃபேஷனிஸ்டாஸ் வரிசையின் கர்வி உடலில் கழுத்து, தோள்கள், இடுப்பு ஆகிய இடங்களில் மட்டுமே அசைவு உண்டு. முழங்கை மடங்காது, நாற்காலியில் உட்காரவைத்தால் கால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். மேட் டு மூவ் என்ற வரிசையில் பழைய உடல் 22 மூட்டுகளோடு வந்தது. பின்னர் கர்வி உடலும் அந்த வகையில் கிடைத்தது. 2021இல் தொடங்கிய லுக்ஸ் வரிசையிலும் மூட்டுள்ள கர்வி உடல்கள் உண்டு. பிடித்த முகம் மூட்டில்லாத உடலில் இருந்தால், அதே உடல்வாகுள்ள மூட்டுடலுக்குத் தலையை மாற்றுவது பரவலான பழக்கம்.

அதைச் செய்யும் முன் இரு உடல்களையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்து நிறத்தை ஒப்பிட வேண்டும். மின்விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரியும் இரு பழுப்புகள் சன்னலருகே வந்ததும் பிரிந்துவிடும். கழுத்தின் முனை நங்கூரம்போல் பக்கங்களில் விரிந்திருப்பதால் குளிர்ந்த நிலையில் இழுத்தால் முறிந்துவிடும். தலையைச் சூடான நீரிலோ, கூந்தல் உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றிலோ சில நிமிடங்கள் வைத்து, தலை வார்க்கப்பட்டிருக்கும் வினைல் என்ற மென்பிளாஸ்டிக் நன்கு இளகிய பிறகு, ஒரு பக்கத்தை முதலில் வெளியே எடுத்து, பின் மறுபக்கத்தை மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். பொருத்தும்போதும் இதே வெப்பம் தேவை. அவசரப்பட்டு முறித்த கழுத்தைப் பசையால் ஒட்டிச் சீராக்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

உடையும் செருப்பும்

இந்தச் சேகரிப்பின் உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது. 1959 முதல் குவிந்த உடைகளில் பெரும்பாலானவை ஒரே ஒல்லி உடலுக்காக வெட்டப்பட்டவை. அவை கர்வி உடலில் தொடையைத் தாண்டி ஏறா. ஏறினாலும் பின்புறத்து ஒட்டுப்பட்டை ஒன்றையொன்று எட்டாது. இழுத்துப் போட்டால் தையல் விடுவதோடு, வினைலில் உராய்ந்து சாயமும் இறங்கும். பழைய உடைகளில் பொருந்தக்கூடியவை மிகச் சில: நெகிழும் பின்னல்துணிச் சட்டைகள், தோளிலிருந்து விரிந்து இறங்கும் தளர்ந்த கவுன்கள், முன்புறம் திறந்தே கிடக்கும் மேலங்கிகள், சுற்றிக் கட்டும் பாவாடைகள். கென்னின் சட்டைகள் சில பொருந்தும் என்பது பலர் கவனிக்காத ஒன்று. தோள் சற்றுத் தொங்கினாலும் தளர்வான ஆடைபோல அழகாகவே இருக்கும்.

தைக்கத் தெரிந்தவருக்கு வழி எளிது. யாரோ எழுதிவைத்த அளவுகளை நம்பாமல், தன் கையில் உள்ள பொம்மையையே அளக்க வேண்டும். இவ்வளவு சிறிய உடலை அளக்கத் தையல் நாடா மிகத் தடிமன். மெல்லிய காகிதப் பட்டையையோ நூலையோ சுற்றிக் குறியிட்டு, பின் அளவுகோலில் வைத்துப் பார்ப்பது துல்லியம். மார்பு, இடை, வயிற்றின் புடைப்பு, இடுப்பின் அகன்ற பகுதி, தொடை, மேற்கை ஆகிய ஆறு சுற்றளவுகளையும், கழுத்தடியிலிருந்து இடை வரையிலும் இடையிலிருந்து முழங்கால் வரையிலும் உள்ள நீளங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய வெட்டுத்தாளை எல்லாப் பக்கமும் சமமாகப் பெரிதாக்குவது புதியவர்கள் செய்யும் பிழை. பருத்த உடல் என்பது பெரிதாக்கிய ஒல்லி உடல் அன்று. தோளின் அகலத்தைவிட இடையிலும் தொடையிலுமே கூடுதல் இடம் தேவை. சமமாகப் பெரிதாக்கிய சட்டை கழுத்தில் தொளதொளத்து, வயிற்றில் பிடிக்கும்.

இதற்கு மிகவும் பயன்படும் முறை ஒன்று உண்டு. பொம்மையின் உடலை உணவு பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் காகித ஒட்டுநாடாவைச் சிறு துண்டுகளாக ஒட்டி மூட வேண்டும். பிறகு முன் நடுக்கோடு, பின் நடுக்கோடு, பக்கக்கோடு, இடைக்கோடு ஆகியவற்றைப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோடுகள் வழியே கவனமாக வெட்டி எடுத்தால் உடலின் தோலை உரித்ததுபோல ஓர் ஓடு கிடைக்கும். அதைத் தட்டையாக்கும்போது எங்கெல்லாம் மடிகிறதோ அங்கெல்லாம் சிறு வெட்டு கொடுக்க வேண்டும். அந்த வெட்டுகளே தையலில் மடிப்புகளாக மாறும். தட்டையான துண்டுகளைத் தாளில் வரைந்து, சுற்றளவில் மொத்தமாக அரை சென்டிமீட்டர் தளர்வும், தையலுக்குத் தேவையான விளிம்பும் சேர்த்தால் வெட்டுத்தாள் தயார். முதலில் பழைய துணியில் தைத்துப் பார்த்துவிட்டு, பின்னர் நல்ல துணியைத் தொடலாம்.

துணித்தேர்வில், முன்பு சொன்ன கனக் கணக்கு திரும்ப வருகிறது. ஜீன்ஸ் துணியில் இடுப்புப்பட்டி வைத்துத் தைத்தால் வார்ப்பின் நயமான வளைவு துணியடுக்குக்குள் மறைந்து, பொம்மை உருளைபோலத் தோன்றும். மெல்லிய பருத்தி, மெல்லிய பின்னல்துணி, கனமற்ற பட்டு ஆகியவை ஏற்றவை. இடுப்புப்பட்டிக்குப் பதில் உட்புறம் மெல்லிய துணியால் விளிம்பை முடித்துவிட்டால் ஓரடுக்குக் குறையும். மேல்சட்டையும் பாவாடையும் தனித்தனியாக அணிவிப்பதைவிட, ஒன்றாகத் தைத்து இரண்டுபோலக் காட்டுவது இன்னும் நல்லது.

செருப்பு வேறு சிக்கல். பழைய பார்பியின் பாதம் குதிகால் செருப்புக்காகவே நுனிக்காலில் நிற்கும்படி வார்க்கப்பட்டது. கர்வி உடலின் தட்டையான, அகன்ற பாதத்தில் அவை ஏறா. கர்வி பொம்மையோடு வரும் சோடிகளைத் தனிப் பெட்டியில் பிரித்து வைப்பது நல்லது. ஒருமுறை மற்றவற்றோடு கலந்துவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் மீட்க வேண்டும்.

தூய்மையும் பாதுகாப்பும்

இரண்டாம் கைப் பொம்மை வந்ததும் மென்சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவலாம். மூட்டுடலை நீரில் அமிழ்த்தாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கூந்தலில் சாரன் இழை கொதிநீரைத் தாங்கும், கனேகலான் இழை சூட்டில் சுருங்கி நாசமாகும். எந்த இழை என்று உறுதியாகத் தெரியாதபோது வெதுவெதுப்பு நீருக்கு மேல் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். தலைக்குள் இருக்கும் பசை கசிந்து கூந்தலின் வேர் பிசுபிசுத்தால் சோளமாவு தூவி, சில நாள் விட்டுச் சீவி எடுக்கலாம். அது முற்றாக நிற்காது, மறுபடி வரும்.

கருநிற, சிவப்பு உடைகளின் சாயம் வெளிர்நிற வினைலில் இறங்கியிருந்தால், முகப்பருவுக்கு விற்கப்படும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறையின் மேல் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் வைத்து, அடிக்கடி பார்த்து, போதுமானதும் கழுவிவிட வேண்டும். முகத்தின் வண்ணத்துக்கு அருகே அதைக் கொண்டுபோகவே கூடாது. கருநிறத் தோலில் வெளிறிய திட்டு விழும் ஆபத்து உண்டு என்பதால் அங்கு நான் கறையோடு வாழ்வதையே தேர்வேன். வராமல் தடுப்பது இன்னும் எளிது: நெடுநாள் அணிந்திருக்கப் போகும் அடர்நிற உடைக்குள் மெல்லிய வெள்ளைத் துணி உள்ளாடை ஒன்றை அணிவித்துவிட வேண்டும். உடல் முழுவதையும் உடை இறுக்கமாகத் தொடும் இந்த வார்ப்புகளில் சாயம் இறங்கும் பரப்பும் கூடுதல்.

நேரடி வெயில் வினைலை மஞ்சளாக்கும். வெப்பம் அதன் மென்மையூட்டியை வெளியேற்றிக் காலைப் பிசுபிசுக்க வைக்கும். பிவிசி உறைகளில் அடைப்பதைத் தவிர்த்து, அமிலமற்ற தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கலாம். நிறுத்தி வைக்கும் தாங்கிகளில் இடையைக் கவ்வும் கம்பி வகை ஒல்லி இடைக்கென அளவெடுத்தது. கர்வி உடலை அதில் திணித்தால் தடம் விழும். இரு கால்களுக்கும் இடையே ஏறி நின்று தாங்கும் சேண வகைத் தாங்கியே இதற்குச் சரி.

கடைசியாக ஒரு குறிப்பேடு வேண்டும். வார்ப்பின் பெயர், முதுகில் உள்ள ஆண்டு, தயாரிப்பு எண், தோல் நிறம், உடன் வந்த உடையும் செருப்பும், அளந்த ஆறு சுற்றளவுகள் ஆகியவற்றை ஒவ்வொரு பொம்மைக்கும் எழுதிவைத்தால், வேறொரு நிறுவனத்தின் உடை பொருந்துமா என்று பார்க்கப் பொம்மையை எடுக்கவே தேவையிராது. தலையை மாற்றியிருந்தால் அந்தத் தலை எந்த உடலிலிருந்து வந்தது என்பதை எழுதி, கழற்றிய உடலின் காலில் ஒரு சிறு சீட்டையும் நூலால் கட்டி வைக்க வேண்டும். தலையில்லாத உடல்கள் நான்கைந்து ஒரே பெட்டியில் சேர்ந்துவிட்டால், எது யாருடையது என்று பின்னர் அந்தச் சீட்டுத்தான் சொல்லும்.